40 நாளில் 231 நிலநடுக்கம்: குழந்தைகளோடு டோக்கியோவுக்குப் போகலாமா?

தமிழ்நாட்டுக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்கு மென்பொருள் வேலை. நிறுவனம் அவரை 3 ஆண்டுகளுக்கு டோக்கியோவுக்கு அனுப்புகிறது. குடும்பத்தையும் அழைத்துப் போகலாம். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 3. பேச்சு தொடங்கிய நாளிலிருந்து வாசகி செல்போனில் ஒரு ஜப்பானிய நிலநடுக்க ஆப்பை வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு அறிவிப்பையும் நோட்டில் குறித்துவருகிறார். 40 நாளில் 231. "ஒரு நாளைக்கு ஆறு தடவை நடுங்குகிற மண்ணில் பிள்ளைகளை எப்படித் தூங்கவைப்பேன்?" என்று கேட்கிறார்.

கணவரின் நண்பர் ஒருவர், "சின்னச் சின்னதாக வந்தால் நல்லது, உள்ளே இருக்கிற அழுத்தம் வெளியேறிவிடும்" என்கிறாராம். டோக்கியோவில் 30 ஆண்டுக்குள் பெரிய நிலநடுக்கம் வர 70 சதவீத வாய்ப்பு என்று வாசகி எங்கோ படித்திருக்கிறார். 1923இல் வந்தது, நூறு ஆண்டு தாண்டிவிட்டது, ஆகவே தாங்கள் இருக்கப்போகிற 3 ஆண்டுக்குள் நிச்சயம் வரும் என்று நம்புகிறார். 2004 சுனாமியில் தங்கையைப் பறிகொடுத்த மாமியார், "பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் போங்கள்" என்கிறார். இதற்கிடையே டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் இரண்டு வீடு பார்த்திருக்கிறார்கள். ஒன்று 1979இல் கட்டியது. தாராளமான இடம், மாத வாடகை 30,000 யென் குறைவு. மற்றது 2004இல் கட்டிய கட்டடத்தில் 8ஆம் மாடி, சிறியது. கடைசியாக, மகள் கேட்ட கேள்விக்கும் பதில் வேண்டுமாம்: "அம்மா, அங்கே வீடு ஆடுமாமே?"

அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, நேரம், இடம், அளவு என்று நான்கு கட்டம். இரண்டு இரவு அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு தாயின் பயம் இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டடங்களை வடிவமைப்பது என் தொழில். சில ஆண்டுகள் டோக்கியோவிலும் வேலை பார்த்தேன். பொத்தாம்பொதுவாக ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. உங்கள் நோட்டையே நடுவில் வைத்துக்கொண்டு பேசுவோம்.

231 என்ற எண்

ஜப்பான் வானிலை முகமையின் கணக்கில், மனிதர்கள் உணரத்தக்க நிலநடுக்கங்கள் சாதாரண ஆண்டொன்றில் அந்த நாடு முழுவதும் ஏறத்தாழ 2000. அதை 365ஆல் வகுத்து 40ஆல் பெருக்குங்கள், 219 வரும். நீங்கள் எண்ணியது 231. எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவில்லை. நீங்கள் பார்த்தது ஜப்பானின் மிகச் சாதாரணமான 40 நாள். அசாதாரணமான ஆண்டு எப்படி இருக்கும் என்றால், 2011இல் இந்த எண்ணிக்கை ஏறத்தாழ 10,000.

பசிபிக் தட்டு, பிலிப்பைன் கடல் தட்டு, யூரேசியத் தட்டு, வட அமெரிக்கத் தட்டு எனப் பூமியின் மேலோட்டுப் பாறைத் தட்டுகள் நான்கும் அந்தத் தீவுகளுக்கு அடியில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. பசிபிக் தட்டு மட்டும் ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர் போல உள்ளே நுழைகிறது. ஆகவே அங்கே மண் நடுங்குவது நிற்காது. ஆனால் ஹொக்கைடோவிலிருந்து ஒகினாவா வரை ஏறத்தாழ 3000 கிலோமீட்டர் நீளமுள்ள நாடு அது. 4000க்கும் மேற்பட்ட கருவிகளில் ஏதாவது ஒன்று லேசாக அசைந்தாலும் உங்கள் ஆப் மணியடிக்கும். நோட்டில் டோக்கியோ நகரில் உணரப்பட்டவற்றை மட்டும் சிவப்புப் பேனாவால் சுழித்துப் பார்த்தேன். ஆறு. அதில் ஐந்து 'ஷிண்டோ 1', ஒன்று 'ஷிண்டோ 2'. ஷிண்டோ 1 என்றால், அமைதியாக உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்கு மட்டும் தெரியும். உங்கள் மகன் தூங்கிக்கொண்டிருந்தால் புரண்டுகூடப் படுக்கமாட்டான்.

இந்த ஷிண்டோ என்ற சொல்லை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். நம் செய்தித்தாள்கள் 'ரிக்டர் அளவு' என்று மட்டும்தான் எழுதுகின்றன; அதனால் நீங்கள் இரண்டையும் ஒரே கட்டத்தில் கலந்து எழுதியிருக்கிறீர்கள். கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடுகிறார்கள் என்று வையுங்கள். உள்ளே எவ்வளவு மருந்து இருந்தது என்பது மேக்னிட்யூட்; செய்தித்தாள் 'ரிக்டர் அளவு' என்று சொல்வது இதைத்தான். உங்கள் வீட்டு ஜன்னல் எவ்வளவு அதிர்ந்தது என்பது ஷிண்டோ. மருந்தின் அளவு ஒன்றுதான். பக்கத்துத் தெருவுக்கும் பத்து மைல் தள்ளியிருக்கிற ஊருக்கும் அதிர்வு வேறு. ஜப்பானில் ஷிண்டோ 0 முதல் 7 வரை. 5ஐயும் 6ஐயும் மட்டும் 'கீழ்', 'மேல்' என்று இரண்டாகப் பிரிப்பார்கள். 4இல் தொங்கும் விளக்கு நன்றாக ஆடும். 5-கீழ் என்றால் எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும், அலமாரியிலிருந்து பாத்திரம் விழும். 6-கீழில் நிற்பது கஷ்டம். 6-மேலில் தவழத்தான் முடியும். 2011 மார்ச் 11இல் மேக்னிட்யூட் 9.0 வந்தபோது நடு டோக்கியோவில் 5-மேல்.

ஒரு வேண்டுகோள். ஆப்பின் அமைப்பில் 'டோக்கியோ, ஷிண்டோ 3க்கு மேல்' என்று மாற்றிவிடுங்கள். நீங்கள் ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து நோட்டில் எழுதியிருக்கிறீர்கள். உடம்பு கெட்டுவிடும்.

சின்னது வந்தால் பெரிது வராதா?

கணவரின் நண்பர் சொன்னதை ஜப்பானியர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். கேட்க இதமாக இருக்கும். கணக்கு இடம்கொடுக்காது.

2001 முதல் 2010 வரையிலான சராசரிப்படி, ஜப்பானிலும் சுற்றுக்கடலிலும் மேக்னிட்யூட் 5 முதல் 5.9 வரை ஆண்டுக்கு 140 போல வருகின்றன. 6 முதல் 6.9 வரை 17. 7 முதல் 7.9 வரை 3. 8க்கு மேல் பத்து ஆண்டுக்கு இரண்டு. ஒரு படி ஏறினால் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுவது உலகம் முழுக்கப் பொதுவான வழக்கம்; குட்டன்பெர்க், ரிக்டர் என்ற இருவர் பெயரால் விதியாகவே இருக்கிறது. ஆனால் அதே ஒரு படிக்கு, வெளிப்படும் ஆற்றல் 32 மடங்கு கூடும். இரண்டு படிக்கு 1000 மடங்கு. அதாவது 8 அளவில் வரவேண்டிய ஒன்றைச் சில்லறையாகத் தீர்க்க 6 அளவில் ஆயிரம் வேண்டும். ஆண்டுக்கு 17 என்றால் ஜப்பான் முழுவதிலும் வருகிற அத்தனையையும் சேர்த்தாலும் 59 ஆண்டு ஆகும்! உங்கள் நோட்டில் நிறைந்திருக்கிற 3, 4 அளவுகள் அந்தக் கடனில் வட்டிக்குக்கூடக் காணாது.

நோட்டோ தீபகற்பத்தில் 2020 கடைசியிலிருந்து சின்ன நடுக்கங்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தன. 2023 மே 5இல் 6.5. இனி ஓயும் என்று நினைத்திருந்தால், 2024 ஜனவரி 1, புத்தாண்டு மாலை 4.10க்கு 7.6 வந்தது. அப்படியென்றால் கூட்டமாக வருவதெல்லாம் பெரிதுக்கு முன்னறிவிப்பா என்று உடனே கேட்பீர்கள். அதுவும் இல்லை. மட்சுஷிரோ என்ற ஊரில் 1965இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் 60,000க்கும் அதிகமான நடுக்கங்களை மக்கள் உணர்ந்தார்கள். அவற்றில் மிகப்பெரியது 5.4. அதோடு அடங்கிவிட்டது. சின்னவற்றை எண்ணிப் பெரிதைக் கண்டுபிடிக்க முடிந்திருந்தால் ஜப்பானியர்கள் என்றோ கண்டுபிடித்திருப்பார்கள்.

தேதி சொல்கிறவர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2025 ஜூலை 5இல் பேரழிவு என்று ஒரு சித்திரக்கதையைக் காட்டிப் புரளி கிளம்பியது; பலர் பயணத்தையே ரத்து செய்தார்கள். வானிலை முகமை அதைப் பொய் என்று வெளிப்படையாகச் சொன்னது. அந்த நாள் பேரழிவில்லாமல் கழிந்தது. அதே சமயம் தெற்கே டோகாரா தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நடுக்கங்கள் வந்துகொண்டிருந்ததால், "பார்த்தீர்களா, சொன்னது பலித்தது" என்று சிலர் நம்பினார்கள். உங்கள் நோட்டைப் புரட்டிப் பாருங்கள்: 40 நாளில் ஒரு நிலநடுக்கமும் இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை. அந்த நாட்டில் எந்தத் தேதியைச் சொன்னாலும் ஏதோ ஒன்று 'பலிக்கும்'. நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டிச் சொல்லும் வழி இன்று அறிவியலில் இல்லை.

70 சதவீதம் எப்படி வந்தது

இந்த எண்ணைக் கண்டுதான் நீங்கள் அதிகம் கலங்கியிருக்கிறீர்கள். அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் பாதி கலக்கம் போகும். மீதிப் பாதி போகக் கூடாது.

டோக்கியோவை உள்ளடக்கிய தென்கான்டோ பகுதியில் 1703இல் ஒரு மாபெரும் நிலநடுக்கம், 1923இல் இன்னொன்று. இடையில் 220 ஆண்டு. அந்தக் காலத்தில் 7 அளவை ஒட்டிய நிலநடுக்கங்கள் எட்டு. 220ஐ எட்டால் வகுத்தால் 27.5. சராசரியாக 27.5 ஆண்டுக்கு ஒன்று வருகிற இடத்தில், ஏதோ ஒரு 30 ஆண்டுக்குள் குறைந்தது ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால் 66 சதவீதத்துக்கு மேல் வரும். அதைத்தான் ஜப்பானிய அரசின் நிலநடுக்க ஆய்வுக் குழு '70 சதவீதம் அளவில்' என்கிறது.

இந்தக் கணக்கில் கடைசியாக எப்போது வந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. தாயம் உருட்டுகிற மாதிரி. பத்து உருட்டலில் தாயம் விழவில்லை என்பதற்காகப் பதினோராவது உருட்டலில் விழும் வாய்ப்பு கூடிவிடாது. ஆகவே '70 சதவீதம், நாள் கடந்துவிட்டது, நம் 3 ஆண்டுக்குள் நிச்சயம்' என்பது சரியில்லை. உங்கள் கணவர் 70ஐ 30ஆல் வகுத்து 3ஆல் பெருக்கி 7 சதவீதம் என்றாராம். அவரும் கொஞ்சம் குறைத்துவிட்டார். அதே 27.5 ஆண்டுச் சராசரியில் 3 ஆண்டுக்கான வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம். அதுவும் தென்கான்டோ முழுவதிலும் எங்காவது ஓர் இடத்தில் என்று பொருள். உங்கள் கட்டிலுக்கு நேர் கீழே என்று இல்லை.

1923 செப்டம்பர் 1இல் வந்தது வேறு வகை. மேக்னிட்யூட் 7.9, ஏறத்தாழ 1,05,000 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் தீயில். கடலடியில் தட்டுகள் முட்டும் சாகாமி அகழியில் உண்டாகும் அந்த 8 அளவு வகைக்குச் சராசரி இடைவெளி 180 முதல் 590 ஆண்டு என்றும், 30 ஆண்டுக்குள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 0 முதல் 6 சதவீதம் என்றும் அதே ஆய்வுக் குழு சொல்கிறது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்ற தவணை எதுவும் அதற்குக் கிடையாது. நீங்கள் இரண்டு வெவ்வேறு ஆபத்துகளை ஒன்றாக்கி, ஒன்றின் தேதியையும் மற்றதன் சதவீதத்தையும் சேர்த்துப் படித்துவிட்டீர்கள்.

சராசரி இடைவெளியை எவ்வளவு நம்பலாம்? அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று ஏறத்தாழ 22 ஆண்டுக்கு ஒருமுறை வந்தது. அடுத்தது 1993க்குள் வரும் என்று அரசு விஞ்ஞானிகளே அறிவித்துக் கருவிகளை நட்டு வைத்துக் காத்திருந்தார்கள். வந்தது 2004இல். பூமி சராசரியைப் பார்த்து நடுங்குவதில்லை. ஜப்பானின் தெற்குக் கரையோரம் நங்கை அகழியிலும் அப்படித்தான்: 1707க்கும் 1854க்கும் இடையே 147 ஆண்டு, 1854க்கும் 1944க்கும் இடையே 90.

10 சதவீதம் சின்ன எண் என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க மாட்டேன். அது சின்ன எண் இல்லை. குழந்தைகளோடு போகிற ஒருவர் அதை நேருக்கு நேர் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் அந்த 10 சதவீத நாளில் என்ன ஆகும் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது. அதை உங்கள் கடிதத்தில் கடைசிக்கு முந்தின பத்தியில், இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள்.

எந்த வீடு

1979 வீடு வேண்டாம். 30,000 யென் மிச்சமும் தாராளமான ஹாலும் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் வேண்டாம்.

1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46க்குக் கோபேயில் மேக்னிட்யூட் 7.3. இறந்தவர்கள் 6434 பேர். அன்றே உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருந்த வீடும் அலமாரியும் மேலே விழுந்து நசுங்கி இறந்தவர்கள். மிக மோசமாகச் சேதமான கட்டடங்களில் பெரும்பகுதி பழைய விதிப்படி கட்டியவை. ஜப்பானில் கட்டட விதி 1981 ஜூன் 1இல் மாறியது. அதற்குப் பின் பிளான் அப்ரூவல் வாங்கியவற்றை 'ஷின்-தைஷின்', அதாவது புதிய தாங்குதிறன் வகை என்பார்கள். 2000இல் மர வீடுகளுக்கு விதி இன்னும் இறுகியது. 2016 குமமோட்டோ நிலநடுக்கத்தில் மஷிக்கி என்ற ஊரின் மர வீடுகளை எண்ணினார்கள்: 1981க்கு முந்தையவற்றில் 28.2 சதவீதம் இடிந்துவிழுந்தன. 1981க்கும் 2000க்கும் இடைப்பட்டவற்றில் 8.7, 2000க்குப் பிந்தையவற்றில் 2.2. ஒரே ஊர், ஒரே நடுக்கம். நீங்கள் பார்த்திருப்பவை கான்கிரீட் கட்டடங்கள், அதனால் இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் விதி மாறியதன் பலன் அதே திசையில்தான்.

இங்கே ஒரு நுணுக்கம். 1981 என்பது கட்டி முடித்த ஆண்டைக் குறிக்காது, அப்ரூவல் தேதியைக் குறிக்கும். 1982, 83இல் முடிந்த கட்டடம்கூடப் பழைய விதிப்படி இருக்கலாம். உங்கள் 2004 கட்டடத்துக்கு இந்தச் சந்தேகமே வராது. வேறு வீடு பார்க்க நேர்ந்தால் ஏஜென்டிடம் அப்ரூவல் தேதியைக் கேளுங்கள்.

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்பந்தத்துக்கு முன் முக்கிய விவரங்களை ஏஜென்ட் எழுத்தில் கொடுத்து விளக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், வாடகைக்கும் பொருந்தும். 1981 மே மாதம் வரையிலான பழைய கட்டடமாக இருந்தால், தாங்குதிறன் பரிசோதனை நடந்திருக்கிறதா, நடந்திருந்தால் முடிவு என்ன என்பதையும் அதில் சொல்லியாக வேண்டும். ஆனால் பரிசோதனை செய்யும்படி உரிமையாளரைச் சட்டம் வற்புறுத்தவில்லை. "பரிசோதனை நடக்கவில்லை" என்ற ஒரு வரியோடு காகிதம் வரலாம். அதில் கையெழுத்திட்டால், தெரிந்தே குடிபோனதாக ஆகும். 1979 கட்டடத்துக்கே பரிசோதனை செய்து, தூண்களையும் சுவர்களையும் வலுப்படுத்திய சான்று இருந்தால் என் பதில் மாறும். தரைத்தளம் முழுக்கச் சுவரில்லாமல், கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் நிற்கிறதா என்றும் பாருங்கள்; கோபேயில் அப்படிப்பட்ட தரைத்தளங்கள் பல மடிந்து உட்கார்ந்தன.

புதிய விதி என்ன வாக்குத் தருகிறது என்பதிலும் தெளிவு வேண்டும். மிகப்பெரிய நடுக்கத்தில் கட்டடம் சரிந்து ஆளைக் கொல்லக் கூடாது என்பதுதான் அதன் குறிக்கோள். விரிசல் விழலாம், கதவு இறுகலாம், பிறகு குடியிருக்க முடியாமலும் போகலாம். 8ஆம் மாடியில் ஆட்டம் தரைத்தளத்தைவிட அதிகமாகவே தெரியும். லிப்ட் நின்றுவிடும், மறுபடி ஓட நாளாகலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வீதம் ஒரு வாரத் தண்ணீரை மேலேயே வைத்திருங்கள்.

நிஷி-கசாய் இருக்கிற எடோகவா பகுதி தாழ்வான நிலம். பல இடங்கள் கடல் மட்டத்துக்கும் கீழே. 2011இல் பக்கத்து உரயாசுவில் கடலை நிரப்பி உண்டாக்கிய மண் கூழாகிப் பொங்கியது. ஆழமான அடித்தூண் உள்ள கட்டடங்கள் நிமிர்ந்தே நின்றன. மண்ணுக்குள் குழாய்கள் முறிந்து, வாரக்கணக்கில் கழிப்பறைதான் பெரும்பாடானது. வார்டு அலுவலகத்தில் ஆபத்து வரைபடம் இலவசமாகக் கிடைக்கும். வீட்டு முகவரியை அதில் தேடிப் பாருங்கள்.

அப்புறம் அலமாரி. டோக்கியோ தீயணைப்புத் துறை அண்மைக்கால நிலநடுக்கங்களை ஆராய்ந்ததில், காயம்பட்டவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேர் சாமான்கள் விழுந்தும் நகர்ந்தும் காயம்பட்டவர்கள். பிள்ளைகள் படுக்கிற அறையில் உயரமான சாமான் எதுவுமே வேண்டாம். மற்ற அறைகளில் சுவரோடு பிணைத்துவிடுங்கள். சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால், கூரைக்கும் அலமாரிக்கும் நடுவே முட்டுக் கொடுக்கிற கம்பி கிடைக்கும். வீட்டுச் சாமான்களுக்கு நிலநடுக்கக் காப்பீடும் எடுங்கள். தீ விபத்துக் காப்பீடு மட்டும் இருந்தால், நிலநடுக்கத்தால் பிடித்த தீக்கு அது பணம் தராது.

அவர் வீடு திரும்பாத மூன்று நாள்

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பெரிய நடுக்கம் வேலை நாளில், பகலில் வந்தால், உங்கள் கணவர் அன்று வீட்டுக்கு வரமாட்டார். 2011இல் ரயில்கள் நின்றபோது தலைநகர்ப் பகுதியில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் வீடு திரும்ப முடியாமல் தவித்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு டோக்கியோவில் ஒரு விதியே இயற்றினார்கள்: நிறுவனங்கள் ஊழியர்களை உடனே வீட்டுக்கு அனுப்பாமல், 3 நாளுக்கான தண்ணீரும் உணவும் வைத்து அங்கேயே தங்கவைக்க முயல வேண்டும். ஆக, மொழி தெரியாத ஊரில், மூன்று நாள் இரண்டு பிள்ளைகளோடு நீங்கள் தனியாக. நான் உங்கள் இடத்தில் இருந்தால், 231ஐவிட இதற்குத்தான் அதிகம் கவலைப்படுவேன். இதற்கு வழியும் உண்டு. பள்ளியில் பிள்ளையை அழைத்துப்போகிறவர் பட்டியலில் உங்கள் பெயரோடு, பக்கத்தில் வசிக்கிற நம்பகமான ஒருவர் பெயரையும் எழுதுங்கள். நிஷி-கசாயில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. போன முதல் மாதத்திலேயே ஒரு வீட்டோடு பேசிவைத்துக்கொள்ளுங்கள். 171 என்ற எண்ணில் குரல் செய்தி விட்டுவைக்கும் சேவை அங்கே உண்டு. போன் கிடைக்காதபோது கணவரும் நீங்களும் அதில் பேசிக்கொள்ளப் பழகிவிடுங்கள்.

பெரிய நடுக்கம் ஓய்ந்ததும் வீட்டுக்குள் ஓடாதீர்கள். குமமோட்டோவில் 2016 ஏப்ரல் 14 இரவு 6.5 வந்தது; அதுதான் பெரிது என்று வீடு திரும்பியவர்கள் உண்டு. 28 மணி நேரம் கழித்து, 16ஆம் தேதி அதிகாலை 7.3. பின்னதிர்வுகள் குறையும் விதத்தை ஒமோரி என்ற ஜப்பானிய அறிஞர் 1894லேயே வகுத்தார்: முதல் நாள் நூறு என்றால் பத்தாம் நாள் பத்து. குறைந்துகொண்டே வரும் என்று நம்பலாம்; அடுத்தது முந்தையதைவிடச் சிறியதாகத்தான் இருக்கும் என்று நம்ப முடியாது. முதல் ஒரு வாரம், விரிசல் விட்ட கட்டடத்துக்குள் தூங்க வேண்டாம்.

உங்கள் மாமியார்

அவருடைய சொல்லைப் பழைய பயம் என்று தள்ளிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 காலை 6.29க்குச் சுமத்ராவுக்கு அருகே பூமி பிளந்தது. நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஏனென்றால் இந்தியப் பெருங்கடலில் அப்போது எச்சரிக்கை அமைப்பே கிடையாது. அவர் தங்கையைக் கடல் மட்டும் கொண்டுபோகவில்லை, அந்த மௌனமும்தான். ஜப்பானில் நடுக்கம் வந்து 3 நிமிடம் போல ஆனதும் சுனாமி எச்சரிக்கை வந்துவிடும். டோக்கியோ வளைகுடாவின் வாய் குறுகலானது. 2011இல் வடகிழக்குக் கரையை அழித்த அதே அலை டோக்கியோ துறைமுகத்தில் ஏறத்தாழ 1.5 மீட்டர்தான் எழுந்தது. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். தாழ்நிலம் என்பதால் கரை உடைந்தால் வெள்ளம் வரலாம், அதனால்தான் மேல்மாடி வீடு எடுக்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிள்ளைகளை விட்டுப்போவது உங்களுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆப் பார்த்தே தூக்கம் போன நீங்கள், மூன்று வயது மகனை 6000 கிலோமீட்டர் தள்ளி விட்டுவிட்டு எந்த ராத்திரி தூங்குவீர்கள்? கணவர் மட்டும் போவது ஒரு வழி. ஆனால் 3 ஆண்டு என்பது மகனின் இதுவரையிலான வயசு. அவர் முதலில் போய், வீட்டையும் அக்கம்பக்கத்தையும் நிலைப்படுத்திய பிறகு நீங்கள் மூவரும் போவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அங்கே பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். அதை ஒட்டிப் போனால் மகளுக்கும் நல்லது. எல்லாவற்றையும் படித்த பிறகும் அந்த 10 சதவீதம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தால், போகவில்லை என்று சொல்வதும் முறையான முடிவுதான். யாருக்கும் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

போனால், முதல் சில வாரம் ஆடாதபோதும் ஆடுகிற மாதிரி இருக்கும். எனக்கும் இருந்தது. 2011க்குப் பிறகு ஜப்பானியர்கள் பலருக்கும் வந்தது. அதற்கென்றே 'ஜிஷின்-யோய்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், நிலநடுக்கத் தலைச்சுற்றல். விளக்கின் கயிற்றைப் பாருங்கள். அது அசையவில்லை என்றால் எதுவும் ஆடவில்லை.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். "ஆமாம் கண்ணு, சில நாள் ஆடும். பெரும்பாலும் விளக்கு மட்டும் ஆடும். பெரிசா ஆடினா மேசைக்கு அடியில போய், மேசைக் காலைப் பிடிச்சுக்கணும். நிக்கிற வரைக்கும் வெளியே வரக் கூடாது." சொல்லிவிட்டு, இன்றைக்கே வீட்டு மேசைக்கு அடியில் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒரு தடவை செய்துபாருங்கள், பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. அங்கே பள்ளியில் இதற்கு அடிக்கடி பயிற்சி உண்டு. தலையில் போட்டுக்கொள்ளப் பஞ்சு வைத்த முக்காடு ஒன்றும் கொடுப்பார்கள். மற்ற நேரத்தில் அதையே நாற்காலியில் மெத்தையாகப் போட்டுக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு.

ஏஜென்டிடம் 8ஆம் மாடி வீட்டின் விவரக் காகிதத்தை இந்த வாரமே கேளுங்கள். ஜப்பானிய மொழியில் இருந்தாலும் பரவாயில்லை. படமெடுத்து அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.